பசி வழிந்த தெரு

சாத்தூரில் வைப்பாற்றுக்கு இந்தப் பக்கம், வீட்டுக்கு வீடு சேவு போடுகிற ஒரு தெருவில், கொதிக்கிற எண்ணெய்க்கு மேலே ஓட்டைத் தட்டை வைத்து மாவைத் தேய்த்துத் தேய்த்தே கைகள் உலக்கை மாதிரி ஆகிப்போன வெயிலுகந்தாளுக்கு, தம்பியின் உயிர் வேண்டுமானால் தன் உடம்பில் கால்வாசியைக் கரைத்தாக வேண்டும் என்று மதுரையில் ஒரு டாக்டரம்மா சொன்ன வருஷத்தில்தான், அந்தத் தெருவில் யாருக்கும் வயிறு நிறையாமல் போனது.

வெயிலுகந்தாளைத் தெருவில் வெயிலு என்றுதான் கூப்பிடுவார்கள். தாய் பிரசவத்தோடு கண்ணை மூடியபோது அவள் கையில் விட்டுப்போன பச்சைப்பிள்ளைதான் சோலையப்பன். வெயிலுவுக்கு அப்போது பதிமூன்று வயசு. சங்கில் பால் புகட்டியதும், பருப்பும் சோறும் பிசைந்து ஊட்டியதும், அவன் மிச்சம் வைத்ததை வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டதும் அவள்தான். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் திரும்பி வந்த பிறகு, உலகத்தில் அவளுக்கு ஒட்டு என்று இருந்தது அவன் ஒருத்தன்தான். அவன் வளர்ந்து, தனுஷ்கோடி அண்ணாச்சியின் சேவுக்கடை வேனை ஓட்டி, முனீஸ்வரியைக் கட்டி, எதிர்ச்சாரியிலேயே வீடு பிடித்து, ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பனும் ஆகி, எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது அவன் கண் மஞ்சளானது. பச்சிலை குடித்தான், பத்தியம் இருந்தான், மஞ்சள் போகவில்லை. வயிறு வீங்கியது, பிறகு கால் வீங்கியது. குடித்துக் கெட்டான் என்று சொன்னவர்கள் உண்டு. அவன் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. சின்ன வயசில் வந்த காமாலைக் கிருமி போகாமல் உள்ளேயே இருந்து ஈரலைத் தின்றுவிட்டது என்றார்கள் மதுரையில்.

முனீஸ்வரியின் ரத்தம் சேரவில்லை, வெயிலுவின் ரத்தம் சேர்ந்தது. டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. வெயிலுவைத் தராசில் ஏற்றி, படுக்க வைத்து வயிற்றில் பசை தடவிப் படம் பார்த்து, அந்தப் பசையைத் தானே துடைத்தும் விட்டாள்.

"உங்க ஈரல்ல ஒரு பாகத்தை வெட்டி அவருக்கு வச்சா, ரெண்டு பேருக்கும் வளர்ந்துரும்மா. ஆனா உங்க ஈரல் முழுக்கக் கொழுப்பு. இதை அப்படியே வெட்டி வச்சா அவர் உடம்புல பிடிக்காது. உங்களுக்கும் ஆபத்து."

"கொழுப்பு எப்படிப் போகும்?"

"நீங்க இளைச்சாப் போகும். இப்ப தொண்ணூத்தெட்டு கிலோ இருக்கீங்க. எழுபத்தஞ்சுக்கு வந்துட்டுச் சொல்லுங்க."

"அதுவரைக்கும் அவன் இருப்பானா?"

"சீக்கிரம் இளைங்கம்மா" என்றாள் டாக்டரம்மா.

அன்றிலிருந்து வெயிலு இளைக்கத் தொடங்கினாள். காலையில் ஒரு இட்லி, மத்தியானம் ஒரு கை சோறும் தட்டு நிறைய வெந்த கீரையும், சாயங்காலம் வெள்ளரிக்காய், விளக்கு வைக்கிற நேரத்தில் எண்ணெய் படாத காய்கறிச் சாறு, அவ்வளவுதான். பசி முதலில் வயிற்றில் இருந்தது, பிறகு தாடைக்கு ஏறியது, பிறகு கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து பார்க்கிற எல்லாவற்றையும் தின்பண்டமாக்கிக் காட்டியது. செங்கல்லைப் பார்த்தால் மைசூர்பாகு, சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தால் தயிர்சோறு. வெந்நீர் குடித்தாள், கிராம்பை வாயில் அடக்கினாள், ஈரத்துண்டை வயிற்றில் இறுக்கிக் கட்டினாள், தண்ணீரில்லாத ஆற்று மணலில் போய் நடந்தாள். பசியையாவது ஏமாற்றலாம், சோர்வை ஒன்றும் செய்ய முடியவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கிறதுக்குள் ஒரு தடவை உட்கார வேண்டும். தலை சீவக் கையைத் தூக்கினால் கை பாதியில் நின்று, எதுக்கு வந்தோம் என்று மறந்த ஆள் மாதிரித் திரும்பிவிடும். கடலைமாவு மூட்டையில் சாய்ந்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். அவள் எண்ணெய்க்குள்ளேயே தலைகுப்புற விழுந்துவிடப் போகிறாள் என்று பயந்து, தனுஷ்கோடி அண்ணாச்சி அவளை அடுப்படியிலிருந்து எடுத்துப் பொட்டலம் கட்டுகிற அறையில் உட்கார வைத்தார். சூடாக வந்து விழுகிற சேவு மிளகும் பூண்டுமாக மணக்க, அவள் மூச்சை வாயால் விட்டு வாயால் இழுத்துப் பொட்டலம் கட்டினாள்.

உடம்பு இளைத்தது, பசி இளைக்கவில்லை. பெரிய உடம்புக்கென்று இருந்த பசி சின்ன உடம்புக்குள் எத்தனை நாளைக்கு அடங்கிக் கிடக்கும்? ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது வழிந்தது. வழிந்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சவரியம்மாளிடம் போனது.

சவரியம்மாளும் வெயிலுவும் ஒரே வயசு, ஒரே அடுப்படியில் வேலை பார்த்தவர்கள், ஒருத்தி சேலையை ஒருத்தி கட்டிக்கொள்கிறவர்கள். அன்றைக்குச் சவரியம்மாள் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தாள்.

"வெயிலு, எனக்கு என்னமோ ஆயிருச்சு. மூணு தட்டு சோறு தின்னுட்டேன். வயிறு முட்டி வலிக்குது, பசி அடங்க மாட்டேங்குது."

"பசி எங்க இருக்கு?"

சவரியம்மாள் யோசித்தாள். "கண்ணுக்குப் பின்னால" என்றாள்.

வெயிலுவுக்குப் புரிந்துவிட்டது.

அந்த வாரமே பசி கீழ்ச்சாரி முழுக்கப் பரவி, மறுவாரம் மேல்ச்சாரிக்கும் தாண்டியது. உலை வைக்கிற வீடுகளில் மூன்று வேளைக்கு ஐந்து வேளை உலை வைத்தார்கள்; சேவு போடுகிறவர்கள் போட்ட சேவைச் சூடு ஆறுவதற்குள் தாங்களே தின்றார்கள்; டீக்கடைக்காரன் வடைத் தட்டை வெளியே வைத்துவிட்டு உள்ளே திரும்புவதற்குள் தட்டு காலியாக இருக்கும், பாதி வடையை அவனே தின்றிருப்பான். பூசாரி அம்மனுக்குப் படைத்த பொங்கலைத் திரை மூடியிருக்கும்போதே தின்றுவிட்டு, அம்மனும் பசித்த முகமாகத்தான் இருக்கிறாள் என்று சொன்னார். நகராட்சியிலிருந்து வந்தவர்கள் தண்ணீரைக் குப்பியில் பிடித்தார்கள், சாக்கடையில் மருந்தடித்தார்கள், போகிறபோது ஆளுக்கு ஆறு பரோட்டா தின்றுவிட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றில் பூச்சி என்று மாத்திரை கொடுத்தார்கள், பூச்சிகள் செத்தன, பசி சாகவில்லை. தின்றவர்களுக்கெல்லாம் உடம்பு ஊதியது, ஊதிய உடம்பைச் சோர்வு பிடித்தது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையின் மேலேயே உட்கார்ந்தார்கள், மாட்டை ஓட்டிக்கொண்டு போனவன் மாட்டின் மேலேயே சாய்ந்து நின்றான். சவரியம்மாளின் புருஷன் அருளப்பன் தையற்காரர். அந்தத் தெருவின் ஜாக்கெட்டுகளையும் சட்டைகளையும் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கித் தைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வெயிலுவின் ஜாக்கெட்டை மட்டும் பிடித்துப் பிடித்துச் சின்னதாக்கினார். அவளிடமிருந்து வெட்டி எடுத்த துணியைப் வேறொரு வீட்டு ஜாக்கெட்டின் அக்குளில் ஒட்டுப்போட்டபோதுதான் அவருக்கு அது உறைத்தது. ஆனால் அவர் வாய் திறக்காத மனுஷன், தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தார்.

அது வெயிலுவின் பசி என்பதை எல்லோரும் தெரிந்துகொண்டது கருவாட்டினால். ஒருநாள் விடிகாலையில் தெருவே ஒரே சமயத்தில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்புக்கு ஏங்கியது; சைவக்காரப் பிள்ளைமார் வீட்டில்கூட அந்த வாசனையை நினைத்து நாக்கில் நீர் ஊறியது, அந்த வீட்டம்மா வெட்கத்தில் அழுதாள். வெயிலுவுக்கு நெத்திலிக் கருவாடு என்றால் உயிர் என்று தெரியாதவர்கள் தெருவில் கிடையாது. அன்று மாலை நாலு பேர் அவள் வாசலில் நின்று, அவள் வெள்ளரிக்காயைக் கடிக்கிற நேரத்தில் தங்கள் வாயில் பச்சைத் தண்ணீர் மாதிரி ஒரு ருசி வந்து போவதைக் கவனித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோர் மடியிலும் தின்ன ஏதாவது இருந்தது. வெயிலு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள், நிற்கத் தெம்பில்லை.

"உன்னைக் குத்தம் சொல்ல வரலைம்மா" என்றார் தனுஷ்கோடி அண்ணாச்சி. "ஆனா தெருவுல ஒருத்தனும் வேலை பார்க்க முடியலை. தீபாவளிக்குச் சேவு போடணும். போடுறதை நாங்களே தின்னா வியாபாரம் என்னத்துக்கு?"

"நான் என்ன செய்யணும் அண்ணாச்சி? சாப்பிடவா?"

யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் முனீஸ்வரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்று சொல்கிறவன் அவளைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

"மதுரையில போய் இருந்துட்டு வா" என்றார் அண்ணாச்சி கடைசியில். "ஆஸ்பத்திரி பக்கத்துலயே ரூம் பிடிச்சுத் தாரேன். இளைச்சதும் அப்படியே ஆபரேசன முடிச்சுட்டு வந்துரலாம்."

அவள் போனாள், பசி போகவில்லை. எஜமான் ஊருக்குப் போனதும் வாசலிலேயே படுத்துக் குரைக்கிற நாய் மாதிரி அது தெருவிலேயே கிடந்து, அவள் இருந்தபோது இருந்ததைவிட மூர்க்கமானது. அவள் இருந்தபோதாவது வேளைக்கு ஒரு இட்லி, ஒரு கை சோறு என்று அதற்கு ஏதோ விழுந்தது. இப்போது அதுவும் இல்லை. ஜனங்கள் பச்சை அரிசியை மென்றார்கள், உளுந்து மூட்டையைக் கடித்தார்கள், கைப்பிள்ளைகள் தாயின் மார்பை ரத்தம் வரக் கடித்தன. அண்ணாச்சியே வேனை எடுத்துக்கொண்டு போய் வெயிலுவைத் திரும்பக் கூட்டி வந்தார். தெருமுனையில் இறங்கும்போது, "நாங்க கொஞ்சம் தாங்கிக்கிறோம்மா, நீ சீக்கிரம் பாரு" என்றார்.

அதன் பிறகு கொஞ்ச நாள் அந்தத் தெரு நல்ல தெருவாக இருந்தது. பசி தங்களுடையது இல்லை, அதற்குச் சோறு போட்டால் கேட்காது என்று புரிந்துகொண்டு, வேளைக்குத் தின்றதோடு எழுந்து கை கழுவினார்கள். பசி தாங்காதவர்கள் வெயிலுவின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவளுக்குக் கிராம்பு வேலை செய்தால் தங்களுக்கும் செய்யும் என்று ஆளுக்கொரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு, அவளோடு ஆற்று மணலில் நடந்தார்கள். அவள் தலைமுடியைச் சவரியம்மாள் சீவிப் பின்னிவிட்டாள், குடத்தை முனீஸ்வரி தூக்கினாள், இரவுக் காய்கறிச் சாற்றைச் சவரியம்மாளே வைத்துக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரேயரில் நிற்கும்போது மயங்கி விழுந்தால் வாத்தியார் தண்ணீர் தெளித்து எழுப்பி, "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்பார். வெயிலு எண்பத்திரண்டுக்கு வந்துவிட்டாள் என்று தெருவுக்கே தெரியும். எண்பதைத் தொட்டபோது டீக்கடைக்காரன் எல்லோருக்கும் சீனி போடாத டீ கொடுத்தான்.

அந்தத் தெருவிலேயே பசி இல்லாதவன் சோலையப்பன் ஒருத்தன்தான். வயிறு பானை மாதிரி, கை கால் குச்சி மாதிரி, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். சோற்று வாசனை வந்தாலே குமட்டினான். ஒரு சாயங்காலம் வெயிலு அவன் காலடியில் உட்கார்ந்து, நடந்து வந்த களைப்பில் அப்படியே கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்தாள்.

"யக்கா" என்றான் அவன். "முனீசுக்குப் பசிக்குதாம், பாப்பாவுக்குப் பசிக்குதாம், ஊருக்கே உன் பசி வந்திருக்கு. எனக்கு மட்டும் வரலை."

"உனக்கு எதுக்குடா அது?"

"வந்தா ரெண்டு வாய் சாப்பிடுவேன்ல."

அவள் அவன் கெண்டைக்காலை அழுத்தினாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"ஈரல் வச்சதும் பசிக்கும்" என்றாள். "என் ஈரல்டா அது. பசிக்காம இருக்குமா?"

அவன் சிரித்தான். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

அருளப்பனுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. சவரியம்மாள் அவரைக் கேழ்வரகிலும் பாகற்காயிலும் கட்டி வைத்து வாழ வைத்திருந்தாள். வேளைக்கு எழுந்து கை கழுவ முடியாத ஒரே ஆள் அவர்தான்; வாய் திறக்காத மனுஷன் என்பதால் யாரிடமும் பசி என்று சொல்லாமல், தைக்கிற துணிக்கு அடியில் ஜீனி மிட்டாயை ஒளித்து வைத்துத் தின்றுகொண்டே மிதித்தார். வலது பெருவிரலில் ஒரு கொப்புளம் வந்தது, கறுத்தது, நாறியது. ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள். கட்டுப் போட்ட காலோடு வீட்டுக்கு வந்தவர், மிஷினில் உட்கார்ந்து இடது காலால் மிதித்துப் பார்த்தார். மிதிக்க வந்தது. அன்றைக்கு மத்தியானமே அவர் வெறும் வெல்லத்தை நக்கிக்கொண்டிருப்பதைச் சவரியம்மாள் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"பசிக்குது சவரி" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கேட்டு வாங்கித் தின்றதில்லை, பசிக்கிறது என்று சொன்னதுமில்லை. "இன்னொரு கால் போனாலும் இது நிக்காது போலருக்கு."

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் சவரியம்மாள் கொண்டுவந்த காய்கறிச் சாறு கொஞ்சம் கெட்டியாக இருந்தது. வெயிலு முதல் வாயை விழுங்கினாள். தேங்காய்ப்பால். அதற்கு அடியில் முந்திரி, நன்றாக மை மாதிரி அரைத்தது. இத்தனை மாசமாகக் கீரைத் தண்ணீரை மட்டும் கண்ட நாக்கு அந்த ருசியின் மேல் தவித்து விழுந்தது. சவரியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலு தலையைத் தூக்கவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போக வேண்டும் என்று அவள் மனசு சொன்னது. எழுந்து போகிற தெம்பு கிடைக்கிறதற்காவது இதைக் குடிக்க வேண்டும் என்று உடம்பு சொன்னது. குடித்தாள். விரலால் வழித்தும் குடித்தாள்.

"இன்னைக்குச் சாறு நல்லாருக்கு சவரி" என்றாள்.

"பூசணிக்கா நல்ல காயி" என்றாள் சவரியம்மாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அருளப்பன் வெல்லத்தைக் கீழே வைத்தார். தெருவில் நாலைந்து பேர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, இன்றைக்குப் பரவாயில்லை என்று ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சொல்லிக்கொண்டார்கள். மறுநாளும் தேங்காய்ப்பால் வந்தது, அதற்கு மறுநாள் நெய்யும் வந்தது. வெயிலு ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கிண்ணத்தை வாங்கினாள். அவள் நடை தேறியது, முகத்தில் ரத்தம் வந்தது, தலையைத் தானே சீவினாள். தெரு தூங்கியது. தீபாவளிக்குச் சேவு போட்டார்கள், போட்டதை விற்றார்கள். சோலையப்பன் மட்டும் ஜன்னலோரம் மஞ்சளாகிக்கொண்டே கிடந்தான்.

மதுரையில் தராசில் ஏறியபோது முள் எண்பத்தொன்றில் நின்றது. டாக்டரம்மா வயிற்றில் பசை தடவிப் படம் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நல்லா இறங்கிட்டு வந்தீங்களேம்மா. ஏதாவது மாத்திச் சாப்பிட்டீங்களா?"

வெயிலுவோடு வந்திருந்த முனீஸ்வரி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள் வெயிலு.

"அப்ப இன்னும் கொஞ்சம் பார்ப்போம். அடுத்த மாசம் வாங்க."

பஸ்ஸில் வரும்போது முனீஸ்வரி அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள். வெயிலு தூங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், சவரியம்மாள் கிண்ணத்தோடு வந்தபோது கதவைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து கீரைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல், கீரைத் தண்ணீரையும் பாதியாகக் குறைத்து, ஆற்று மணலில் விழுந்து எழுந்து நடந்தாள். தெரு மறுபடி பசியில் அலறியது. அவள் காதை அடைத்துக்கொண்டாள். ஆனால் அவள் விட்ட நாட்கள் அவளுடையவை அல்ல, சோலையப்பனுடையவை. அவனிடம் அதற்கு மேல் நாட்கள் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவன் ரத்தம் கக்கினான். வேன் வருவதற்குள் அடங்கிவிட்டான்.

அந்தச் சாவு வீட்டில் அழுகை இல்லை. அழுவதற்குத்தான் எல்லோரும் வந்தார்கள், மாரடிப்பதற்குக் கையையும் தூக்கினார்கள், ஆனால் கண்ணீர் வரவேண்டிய இடத்தில் பசி உட்கார்ந்திருந்தது. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் வாய்க்கரிசியைப் பார்த்தபோது தொண்டை ஏறி இறங்கியது. அதைப் பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்து முகத்தை மூடிக்கொண்டார்கள், பக்கத்தில் இருந்தவளும் மூடிக்கொண்டாள். முனீஸ்வரி புருஷன் தலைமாட்டில் வறண்ட கண்ணோடு உட்கார்ந்து, வாழைப்பழச் சீப்பைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக அவன் மூக்கில் வைத்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துக்கொண்டு போய் எரித்துவிட்டு வந்தார்கள்.

இனி வெயிலு சாப்பிடுவாள் என்று தெரு காத்திருந்தது. காத்திருப்பதற்கே வெட்கப்பட்டுக்கொண்டுதான் காத்திருந்தார்கள். வெயிலு சாப்பிடவில்லை. கதவைச் சாத்தாமலே உள்ளே உட்கார்ந்திருந்தாள். யார் மேலும் கோபம் இல்லை. சோறு என்பது எதுக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அண்ணாச்சி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது, பூசாரி பொங்கல் கொண்டுவந்தார், பிள்ளைமார் வீட்டம்மா யாரிடமோ சொல்லி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைக்கச் செய்து, அந்தப் பாத்திரத்தைத் தன் கையாலேயே ஏந்திக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். பாத்திரங்கள் வாசலிலிருந்து அடுப்படிவரைக்கும் வரிசையாக நின்றன. சவரியம்மாள் வெறுங்கையோடு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெயிலு, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாத" என்றாள் வெயிலு. "நீ சொன்னா நானும் சொல்லணும்."

சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஒற்றைக்காலில் ஓடும் சத்தம் கேட்டது. சவரியம்மாள் நிலையை விட்டுவிட்டுப் போனாள்.

அன்று மாலை முனீஸ்வரி வந்தாள். இடுப்பில் இருந்த பிள்ளை அழுது அழுது குரல் கம்மி, இப்போது சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. அவள் பிள்ளையை வெயிலுவின் முன்னால் தரையில் உட்கார வைத்தாள். உட்கார வைத்த பிள்ளை சாய்ந்தது. வயிறு மட்டும் உருண்டையாக இருந்தது.

"பால் குடுத்தேன், சோறு குடுத்தேன், வாந்தி எடுத்துட்டு மறுபடி கேக்குது" என்றாள். "மதினி, நீங்க சாப்பிடுங்க. பிள்ளைக்குப் பசிக்குது."

வெயிலு பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை அவளைப் பார்க்கவில்லை, பாத்திரங்களைப் பார்த்தது.

அவள் கையை ஊன்றி நகர்ந்து போய், முதலில் கைக்கு எட்டிய பாத்திரத்தைத் திறந்தாள். தட்டு எடுக்கவில்லை. ஆறிப்போன சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு உருண்டையை வாயில் வைத்தாள். மண்ணை மென்ற மாதிரி இருந்தது. விழுங்கினாள். பிள்ளையின் வாய் மூடியது. இரண்டாவது உருண்டைக்குப் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தது. நாலைந்து உருண்டைக்குப் பிறகு ஒரு ஏப்பம் விட்டுவிட்டு, தரையிலேயே சுருண்டு தூங்கிப்போனது. வெயிலு நிறுத்தவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் நின்றது, டீக்கடையில் யாரோ தட்டை நகர்த்தி வைத்தார்கள், எதிர்ச்சாரியில் உலையை இறக்கினார்கள். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு வீடு அடங்கியது. அவளுக்கு ருசியும் தெரியவில்லை, நிறைவும் தெரியவில்லை, கை மட்டும் பாத்திரத்துக்கும் வாய்க்குமாகப் போய் வந்தது.

"போதும் மதினி" என்றாள் முனீஸ்வரி. அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு நிறைஞ்சுருச்சு."

சொல்லி முடித்த வாய் மூடவில்லை. முகம் கோணியது, உடம்பு முன்னும் பின்னும் ஆடியது, பசி எழுந்து போன இடம் காலியாக இருந்ததால் அங்கே அழுகை வந்தது. சோலையப்பன் பெயரைச் சொல்லி அவள் போட்ட அந்தச் சத்தம் வாசலைத் தாண்டித் தெருவில் விழுந்தது. சவரியம்மாள் வீட்டிலிருந்து ஒரு குரல் அதைப் பிடித்துக்கொண்டது, பிறகு டீக்கடையிலிருந்து ஒரு ஆண் குரல், பிறகு பிள்ளைமார் வீட்டிலிருந்து. வயிறு நிறைந்த தெரு முழுவதும், எரித்துச் சாம்பலையும் கரைத்துவிட்டு வந்த பிறகு, முதல் தடவையாகச் சோலையப்பனுக்காக வாய்விட்டு அழுதது.

வெயிலு அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த பாத்திரத்தைத் திறந்தாள்.